ஒரு சொல், பல முகம்

பக்கத்து வீட்டு மலாய் மக்சிக்கிடம் ‘ஃபித்னா’ என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். இல்லாததையும் பொல்லாததையும் சொல்லி ஒருவர் பெயரைக் கெடுப்பது என்பார். நம் நாட்டின் அவதூறுச் சட்டத்துக்கே மலாயில் ‘அக்தா ஃபித்னா 1957’ என்றுதான் பெயர். அதே சொல்லைத் தமிழ் முஸ்லிம் வீடு ஒன்றில் கேளுங்கள். குழப்பம், கலகம், நாலு பேருக்குள் சண்டை மூட்டிவிடுவது என்பார்கள்.

இரண்டு வீட்டிலும் சொன்னது சரிதான். அரபியில் பிறந்த ஒரு சொல் கப்பலேறி இரண்டு மொழிகளில் இறங்கியது. இறங்கிய இடத்தில் அந்தந்த ஊர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டது. ஆனால் அதே சொல் திருக்குர்ஆனில் வரும்போது, அவதூறு என்ற பொருளையோ குழப்பம் என்ற பொருளையோ மட்டும் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போனால் பல இடங்களில் முட்டிக்கொள்வோம்.

நான் மார்க்கம் படித்தவள் அல்ல. ஊடகத்துறையில் பட்டம் வாங்கி, ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்து பிழைப்பவள். ஒரு சொல்லை எந்த இடத்தில் வைத்தால் எந்தப் பொருள் நேயர் காதில் விழும் என்பதுதான் என் அன்றாட வேலை. அந்த அளவில்தான் இந்த வாரம் இதை எடுத்துக்கொள்கிறேன். எடுக்க ஒரு காரணமும் இருக்கிறது.

என் பள்ளித் தோழர்களின் புலனக் குழுவில் எல்லா மதத்தவரும் உண்டு. ஒருநாள் ஒருவர் ஒரு படத்தைப் பகிர்ந்தார். மேலே திருக்குர்ஆன் வசனத்தின் எண். கீழே தமிழில் ஒரே ஒரு வரி, குழப்பம் கொலையைவிடக் கொடியது என்ற கருத்தில். அதற்கும் கீழே பகிர்ந்தவரின் கேள்வி: “அப்படின்னா குழப்பம் பண்றவனைக் கொன்னுடலாமா?” முதலில் சிரிப்பு முகங்கள் வந்தன. பிறகு கோப முகங்கள். அரை மணி நேரத்தில் இரண்டு முஸ்லிம் தோழர்கள் குழுவைவிட்டு வெளியேறிவிட்டார்கள். இடைவேளையில் ஒரே பொட்டலத்து நாசி லெமாக்கைப் பங்கு போட்டுத் தின்ற பிள்ளைகள் நாங்கள். இருபது ஆண்டு நட்புக்கு நடுவில் ஒரு மொழிபெயர்ப்புச் சொல் வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்தச் சொல்லின் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

பொன்னும் நெருப்பும்

‘ஃபித்னா’வின் வேர் பொற்கொல்லர் பட்டறையில் இருக்கிறது. பொன்னை நெருப்பிலிட்டு, அது நல்லதா கலப்படமா என்று பார்ப்பதுதான் அதன் மூலப்பொருள் என்று, குர்ஆன் சொற்களுக்கென்றே அகராதி எழுதிய ராகிப் அல்-இஸ்ஃபஹானி சொல்கிறார். நம் மொழியில் இதற்கு அழகான பெயர் உண்டு: புடம் போடுவது.

இந்த வேரைப் பிடித்துக்கொண்டு போனால் பூட்டுகள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. உங்கள் செல்வமும் பிள்ளைகளும் ஃபித்னா என்ற கருத்தில் ஒரு வசனம் (8:28) வருகிறது. பெற்ற பிள்ளை எப்படி அவதூறாகும்? எப்படிக் கலகமாகும்? சோதனை என்று வைத்துப் பாருங்கள். பிள்ளைகளை வளர்க்கும் எந்தத் தாய் தகப்பனும் தலையாட்டுவார்கள்! இன்னோர் இடத்தில் (21:35) நன்மையைக் கொண்டும் தீமையைக் கொண்டும் மனிதன் ஃபித்னாவுக்கு உள்ளாவான் என்ற செய்தி. கையில் காசில்லாதபோது மட்டுமல்ல, காசு சேரும்போதும் புடம் போடுகிறார்கள் என்று பொருள். வேறோர் இடத்தில் (51:13) அதே வேரிலிருந்து பிறந்த வினைச்சொல் நரக நெருப்பில் வாட்டப்படுவதைக் குறிக்கிறது. பட்டறை நெருப்பு அங்கே நேரடியாகவே எரிகிறது.

இனி, எங்கள் குழுவை உடைத்த வசனத்துக்கு வருவோம். இரண்டாம் அத்தியாயம், 191. அதற்கு ஒரு வசனம் முன்னால் (2:190), உங்களோடு போரிடுபவர்களோடு மட்டும் போரிடுங்கள், வரம்பு மீறாதீர்கள் என்ற கட்டளை நிற்கிறது. 191ஆம் வசனத்திலேயே, ஊரைவிட்டு விரட்டப்பட்டவர்களைப் பற்றிய பேச்சும் இருக்கிறது. மக்காவில் நபிகள் நாயகத்தைப் (ஸல்) பின்பற்றியவர்கள் ஆண்டுக்கணக்கில் துன்புறுத்தப்பட்டு, 622இல் மதீனாவுக்குக் குடிபெயர்ந்த பின்னணி அது. நம்பிக்கையைக் கைவிடு என்று ஒரு மனிதனை வதைப்பதே இங்கே ஃபித்னா. ‘இணைவைப்பு’ என்றே உரையாசிரியர்கள் பலர் விளக்கினார்கள். அதையும் அந்த வதையோடு சேர்த்து, மனிதனை அவனது நம்பிக்கையிலிருந்து இணைவைப்புக்குத் திருப்புவது என்று விரித்தவர்கள் உண்டு. தெருவில் கூச்சல் போடுகிறவனைப் பற்றிய பேச்சு இது அல்ல.

‘குழப்பம்’ என்று மொழிபெயர்த்தவரைக் குறை சொல்ல முடியாது. தமிழ் முஸ்லிம் காதில் அந்தச் சொல் கலகம், கொடுமை எல்லாவற்றையும் சேர்த்தே ஒலிக்கும். மற்றவர் காதில் ‘வகுப்பில் ஒரே குழப்பம்’ என்ற அளவுக்குத்தான் ஒலிக்கும். ஒரே வரியை இரண்டு காதுகள் இரண்டு விதமாகக் கேட்டன.

மலாய்ப் பேச்சில் இதே வசனம், அவதூறு கொலையைவிடக் கொடியது என்ற பழமொழியாகவே புழங்குகிறது. அவதூறு சின்னக் குற்றம் என்று நான் சொல்லவில்லை. குர்ஆன் அதைக் கடுமையாகக் கண்டிக்கிறது. 24ஆம் அத்தியாயத்தில், ஆயிஷா (ரலி) அவர்கள்மீது சுமத்தப்பட்ட பழியைப் பற்றி நீண்ட பகுதியே இருக்கிறது. ஆனால் அங்கே வரும் சொற்கள் ‘இஃப்க்’, ‘புஹ்தான்’. அதாவது பொய்ப் புனைவு, பெரும் பழி. அந்தக் குற்றத்துக்கு வேறு சொல் இருக்கிறது.

படியில் உட்கார்ந்து படி

இது என்ன, ஒரு சொல்லுக்கு இத்தனை பொருளா என்று மலைக்க வேண்டாம். “அப்பா சொன்னபடி படியில உட்கார்ந்து படி” என்று அம்மா சொன்னால் ஏழு வயதுப் பிள்ளைக்கும் புரிகிறது. மூன்று ‘படி’க்கும் மூன்று பொருள். பிள்ளை அகராதியைத் தேடி ஓடுவதில்லை. முன்னும் பின்னும் நிற்கும் சொற்கள் வழி காட்டுகின்றன.

குர்ஆனில் இப்படிப் பல பொருள் தரும் சொற்களைத் திரட்டி வைப்பதற்கென்றே ஒரு கலை வளர்ந்தது. அதற்கு ‘வுஜூஹ்’ என்று பெயர். முகங்கள் என்று பொருள். ஒரு சொல்லுக்கு எத்தனை முகம் என்று எண்ணி, ஒவ்வொரு முகமும் தெரியும் வசனங்களை வரிசைப்படுத்துவார்கள். பல்க் நகரத்துக்காரரான முகாத்தில் இப்னு சுலைமான் என்பவர் இந்தத் துறையில் எழுதிய நூல் இன்றும் கிடைக்கிறது. அவர் இறந்தது 767இல். ‘ஹுதா’ (நேர்வழி) என்ற ஒரே சொல்லுக்கு 17 முகங்கள் அதில் எண்ணப்பட்டுள்ளன. பல நூற்றாண்டு கழித்து, கெய்ரோவில் 1505இல் மறைந்த பேரறிஞர் ஸுயூத்தியும் தம் நூலில் இந்தக் கலைக்குத் தனிப் பகுதி ஒதுக்கினார்.

நமக்குப் பழக்கமான சொல் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். தமிழில் ‘உம்மத்து’, மலாயில் ‘உமாத்’, அரபியில் ‘உம்மா’. சமுதாயம் என்று எல்லோருக்கும் தெரியும். குர்ஆனுக்குள் அது எப்படியெல்லாம் முகம் மாற்றுகிறது பாருங்கள்.

மூசா நபி மத்யன் நகரத்துக் கிணற்றடிக்கு வரும்போது, அங்கே ஓர் ‘உம்மா’ கால்நடைகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கிறது (28:23). இங்கே வெறும் ஆள்கூட்டம். யூசுஃப் நபியோடு சிறையில் இருந்து விடுதலையானவன் ஓர் ‘உம்மா’ கழித்து அவரை நினைத்துப் பார்க்கிறான் (12:45). இங்கே நெடுங்காலம். எங்கள் முன்னோர்களை ஓர் ‘உம்மா’வின்மேல் கண்டோம் என்று சிலர் வாதிடுகிறார்கள் (43:22). இங்கே வழக்கம், மதம். இப்ராஹீம் நபி ஓர் ‘உம்மா’வாக இருந்தார் (16:120). ஒற்றை மனிதர் எப்படிச் சமுதாயமாவார்? பலர் பின்பற்றத்தக்க முன்னோடி என்று விளக்குகிறார்கள். தரையில் ஊரும் உயிர்களும் சிறகடிக்கும் பறவைகளும் உங்களைப் போன்ற ‘உம்மா’க்களே என்றும் ஓரிடம் சொல்கிறது (6:38).

எல்லா இடத்திலும் ‘சமுதாயம்’ என்றே போட்டு மொழிபெயர்த்தால், சிறையிலிருந்து வந்தவன் ஒரு சமுதாயம் கழித்து நினைத்துப் பார்த்தான் என்று வரும். படிப்பவர் புத்தகத்தை மூடிவிடுவார்.

சில இடங்களில் தமிழும் அரபியும் கைகோத்துக்கொள்வதும் உண்டு. ‘ஐன்’ என்றால் கண் (5:45). அதே ‘ஐன்’ நீரூற்றையும் குறிக்கும் (88:12). அரபி படிக்கத் தொடங்கும் பலருக்கு இது விசித்திரமாக இருக்கும். நமக்கு இராது. ஊற்றுக்கண் என்று நாமும்தானே சொல்கிறோம்?

தலையணைக்கு அடியில் இரண்டு கயிறு

அரபியே தாய்மொழியாக இருந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் வந்திருக்காது என்று நினைக்கலாம். வந்தது.

நோன்பு நாட்களில், வெள்ளை நூல் கறுப்பு நூலிலிருந்து தெளிவாகத் தெரியும்வரை உண்ணலாம், பருகலாம் என்ற கருத்தில் ஒரு வசனம் உண்டு (2:187). அதீ இப்னு ஹாதிம் என்ற நபித்தோழர் அதைக் கேட்டு, வெள்ளையில் ஒரு கயிறு, கறுப்பில் ஒரு கயிறு எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். இரவெல்லாம் எடுத்து எடுத்துப் பார்த்தார். வேறுபாடு தெரியவே இல்லை. காலையில் நபிகளிடம் போய்ச் சொன்னபோது, அது இரவின் கருமையும் பகலின் வெண்மையும் என்று விளக்கம் கிடைத்தது. புகாரி நபிமொழித் தொகுப்பில் இந்த நிகழ்ச்சி இருக்கிறது. சொல்லுக்கு அகராதிப் பொருள் நூல்தான். ஆனால் அந்த இடத்தில் அது கீழ்வானத்தில் படரும் வெளிச்சக் கோடு.

இன்னொரு நிகழ்ச்சி மனத்தை இன்னும் ஆழமாகத் தொடும். நம்பிக்கையோடு ‘ஸுல்ம்’ கலக்காதவர்களுக்கே பாதுகாப்பு என்ற கருத்தில் ஒரு வசனம் (6:82) அருளப்பட்டபோது நபித்தோழர்கள் கலங்கிப்போனார்கள். ‘ஸுல்ம்’ என்றால் அநியாயம். மலாயில் ‘ஸாலிம்’ என்று கேட்டிருப்பீர்கள், அதன் உறவுதான். தனக்குத் தானே அநியாயம் செய்துகொள்ளாதவர் எங்களில் யார் இருக்கிறார் என்று நபிகளிடம் போய் நின்றார்கள். நீங்கள் நினைப்பதல்ல அது, லுக்மான் தம் மகனுக்குச் சொன்ன அறிவுரையை நினைத்துப் பாருங்கள் என்றார் நபிகள். அந்த அறிவுரையில் (31:13) இணைவைப்பதே மாபெரும் ‘ஸுல்ம்’ என்று வருகிறது. ஓரிடத்துச் சொல்லுக்கு இன்னோரிடத்து வசனம் விளக்கம் ஆனது. குர்ஆனைக் குர்ஆனைக் கொண்டே விளங்கும் முறைக்கு அறிஞர்கள் காட்டும் முதன்மையான எடுத்துக்காட்டு இது.

ஒரு பெண்ணின் சில நாட்கள்

இதுவரை பார்த்தவற்றில் முன்பின் வசனங்களோ நபிமொழியோ பொருளைக் காட்டிவிட்டது. அப்படித் தீராத சொற்களும் உண்டு. அவற்றில் ஒன்று பெண்களின் வாழ்க்கையை நேராகத் தொடுகிறது.

மணவிலக்குப் பெற்ற பெண் மூன்று ‘குரூ’ காலம் காத்திருக்க வேண்டும் என்பது ஒரு வசனத்தின் கருத்து (2:228). இதைத்தான் ‘இத்தா’ என்கிறோம். சிக்கல் என்னவென்றால், ‘குர்’ என்ற சொல்லுக்கு அரபியில் மாதவிடாய் என்றும் பொருள். இரண்டு மாதவிடாய்க்கு இடைப்பட்ட தூய்மைக் காலம் என்றும் பொருள். ஒரே சொல், நேர் எதிரான இரண்டு பொருள்!

நபித்தோழர்களிடையே கூடக் கருத்து பிரிந்தது. ஆயிஷா, ஸைத் இப்னு ஸாபித் போன்றோர் தூய்மைக் காலம் என்றார்கள். உமர், அலி, இப்னு மஸ்ஊத் போன்றோர் மாதவிடாய் என்றார்கள். பின்னர் இமாம் ஷாபிஈ முதல் கருத்தையும் இமாம் அபூஹனீபா இரண்டாம் கருத்தையும் எடுத்தார்கள். இருபுறமும் வலுவான வாதம் உண்டு. அரபி இலக்கணத்தில் ‘மூன்று’ என்ற எண் பெண்பால் வடிவில் நின்றால் எண்ணப்படும் சொல் ஆண்பாலாக இருக்கும். தூய்மையைக் குறிக்கும் ‘துஹ்ர்’ ஆண்பால் சொல், ஆகவே தூய்மைக் காலமே பொருள் என்பது ஷாபிஈ தரப்பு. மூன்று என்றால் முழுதாக மூன்று வேண்டும், தூய்மைக் காலத்தின் நடுவில் மணவிலக்கு நடந்து அந்த மிச்ச நாட்களையும் ஒன்றாக எண்ணினால் இரண்டேகாலோ இரண்டரையோதானே ஆகும் என்பது ஹனபி தரப்பு.

கேட்க இலக்கணப் பாடம் போல இருக்கும். ஆனால் அதன் முடிவு வீட்டுக்குள் வருகிறது. ஷாபிஈ வழியில், மூன்றாவது மாதவிடாய் தொடங்கியதும் காத்திருப்பு முடிகிறது. ஹனபி வழியில், அது முடிந்த பிறகே முடிகிறது. இடையில் சில நாட்கள். திரும்பப் பெறக்கூடிய மணவிலக்கு என்றால், அந்த நாட்களில் கணவர் புதிய திருமண ஒப்பந்தம் இல்லாமல் அவளை மீண்டும் சேர்த்துக்கொள்ளலாமா? அவளுக்கு ஜீவனாம்சம் உண்டா? வேறு திருமணத்துக்குச் சம்மதம் சொல்லலாமா? அவள் இன்னும் ஒருவரின் மனைவியா, இல்லையா? எல்லாம் அந்தச் சொல்லில் தொங்குகின்றன.

நம் நாட்டில் ஷாபிஈ வழியே பெரும்பான்மை. தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் ஹனபி வழியினரும் இருக்கிறார்கள், ஷாபிஈ வழியினரும் இருக்கிறார்கள். நோன்பு மாத நிகழ்ச்சி ஒன்றுக்காக வயதான ஆலிம் ஒருவரைப் பேட்டி எடுத்தபோது, ஒலிப்பதிவை நிறுத்திய பிறகு இதைக் கேட்டேன்.

“எதுதான் சரி, ஹஜ்ரத்?”

“ரெண்டு பேரும் நேர்மையாத் தேடுனாங்கம்மா. தேடுனதுக்கே கூலி இருக்கு. நான் ஹனபி, எம் மருமவன் ஷாபி. ஒரே பாயிலதான் தொழுவுறோம்.”

“அப்ப அந்தப் பொண்ணு என்ன செய்வா?”

அவர் சிரிக்கவில்லை. “அதுக்குத்தான் படிச்சவன்கிட்ட நேரா வந்து கேக்கணும். போன்ல வந்ததப் பாத்து முடிவு எடுக்கக் கூடாது. ஒரு சொல்லுன்னு நெனக்காதீங்க. அது ஒரு பொம்பளப் புள்ளயோட நாளு.”

அதற்குப் பிறகு இந்தப் பொருளை வெறும் மொழி விளையாட்டாக என்னால் பார்க்க முடியவில்லை.

விருப்பப்படி பொருள் சொல்லலாமா?

இளைய நண்பர்கள் சிலர் கேட்பார்கள்: “இத்தனை பொருள் இருக்குன்னா, எனக்குப் பிடிச்சதை நான் எடுத்துக்கலாமே?”

முடியாது. ‘படியில் உட்கார்’ என்றால் பாடத்தின் மேல் உட்கார முடியாது அல்லவா? ‘குர்’ விஷயத்தில் இரண்டு பொருளும் அரபுகளின் வழக்கில் உண்மையாகவே இருந்தன. இரண்டுக்கும் நபித்தோழர்களின் சான்று இருந்தது. மூன்றாவதாக ஒன்றை யாரும் சொந்தமாகச் செய்து கொண்டுவரவில்லை. சொல்லின் வழக்கு, வசனத்தின் முன்பின், அது அருளப்பட்ட சூழல், மற்ற வசனங்கள், நபிகளின் விளக்கம் என்று ஒவ்வொரு வேலியாகத் தாண்டி வந்த பொருளுக்குத்தான் இடம்.

பல முகங்கள் இருப்பதில் ஆபத்தும் உண்டு என்பதை முதல் தலைமுறையே அறிந்திருந்தது. கலீஃபா அலி (ரலி) தம்மை எதிர்த்துப் பிரிந்த கவாரிஜ் கூட்டத்தாரிடம் இப்னு அப்பாஸைப் பேச அனுப்பியபோது, குர்ஆன் பல முகங்களைச் சுமப்பது, நீங்கள் ஒன்று சொல்வீர்கள், அவர்கள் ஒன்று சொல்வார்கள், ஆகவே நபிவழியைக் கொண்டு வாதிடுங்கள் என்ற கருத்தில் அறிவுரை சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. ஒரே வசனத்தை உருவிக் கையில் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வருபவர்கள் அன்றும் இருந்தார்கள். இன்று அவர்கள் கையில் கைப்பேசி இருக்கிறது, அவ்வளவுதான்.

அனுப்பும் முன் மூன்று கேள்வி

திருமறை வரி ஒன்று, திருக்குர்ஆனாகட்டும் வேறு எந்த வேதமாகட்டும், உங்கள் கைப்பேசிக்கு வந்தால் மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டு விரலை நகர்த்துங்கள்.

ஒன்று: இதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது? ஐந்து வரி மேலே, ஐந்து வரி கீழே படிப்பதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. இரண்டு: இதே சொல் அந்த நூலின் மற்ற இடங்களில் எப்படி வருகிறது? இரண்டு மூன்று தமிழ் மொழிபெயர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவை வேறுபடும் இடத்தில்தான் பல முகம் கொண்ட சொல் ஒளிந்திருக்கும். மூன்று: இது முதலில் யாருக்கு, எந்த நிலையில் சொல்லப்பட்டது? தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரைக் கேளுங்கள். முஸ்லிம் அல்லாதவர் என்றால் உங்கள் முஸ்லிம் நண்பரைக் கேளுங்கள். குழுவில் எல்லோர் முன்னாலும் கேள்வியாக வீச வேண்டாம். தனியாக அழைத்து, தேத்தாரேக்குக் கூப்பிட்டு, “இதுக்கு என்னப்பா அர்த்தம்?” என்று கேட்டால் போதும்.

ஒரு செய்தி வந்தால் தீர விசாரித்துக்கொள்ளுங்கள், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பிறகு வருந்தாதீர்கள் என்ற கருத்திலும் ஒரு வசனம் உண்டு (49:6). புலனம் வருவதற்கு 1,400 ஆண்டுகளுக்கு முந்தியது.

விரிவுரை எழுதிய பெரிய அறிஞர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு சொல்லுக்குப் பல பொருளையும் எழுதி, யார் யார் எதைச் சொன்னார்கள் என்று பட்டியலிட்டு, தமக்கு எது வலுவாகத் தோன்றுகிறது என்று காரணமும் சொல்வார்கள். எல்லாம் சொன்ன பிறகு ‘வல்லாஹு அஃலம்’ என்று முடிப்பார்கள். இறைவனே நன்கறிந்தவன் என்று பொருள். பதினேழு பொருள் தெரிந்தவர்கள் அப்படி முடித்தார்கள். ஒரே ஒரு பொருள் தெரிந்த நாம் மூன்று ஆச்சரியக்குறி போட்டு அனுப்புகிறோம்.

உங்கள் வீட்டில் இரண்டு மொழிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு பொருள் மாறிப்போன சொல் ஏதாவது இருக்கிறதா? எழுதி அனுப்புங்கள். இன்னொரு வாரம் பேசுவோம்.